ஹேலஜன் இடைச்சேர்மங்கள்: அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் வினைகளைக் கணிப்பது எப்படி

1826-ல் பிரான்ஸின் பாலார்ட் புரோமின் என்ற புதுத் தனிமத்தை அறிவித்தபோது, ஜெர்மனியில் இருந்த வேதியியலாளர் லீபிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பு ஊற்று நீரிலிருந்து கிடைத்த அதே செம்பழுப்புத் திரவம் ஏற்கெனவே அவர் கைக்கு வந்திருந்தது. அவரோ அதை அயோடின் குளோரைடு என்று முடிவுகட்டி, அந்தப் பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்தார். லீபிக் சாதாரண ஆள் இல்லை, அவரே ஏமாந்தார் என்றால் இரண்டும் எவ்வளவு ஒத்துப்போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் செம்பழுப்பு, இரண்டும் மூச்சை அடைக்கும் நெடி, இரண்டுக்கும் மூலக்கூறில் 70 எலக்ட்ரான், மூலக்கூறு எடைகூட 160-க்கும் 162-க்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆனால் புரோமின் 59 டிகிரியில் கொதிக்கும், அயோடின் மோனோகுளோரைடு 97 டிகிரியில்தான் கொதிக்கும். எடையும் எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க, இந்த 38 டிகிரி எங்கிருந்து வந்தது? அயோடின் மோனோகுளோரைடில் ஒரு முனை கொஞ்சம் நேர்மின் சுமையோடும் மறுமுனை கொஞ்சம் எதிர்மின் சுமையோடும் இருப்பதால், மூலக்கூறுகள் ஒன்றையொன்று கூடுதலாக இழுத்துப் பிடிக்கின்றன. ஹேலஜன் இடைச்சேர்மங்கள் (ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹேலஜன்களில் இரண்டு தங்களுக்குள் சேர்ந்து உண்டாகும் சேர்மங்கள்) பற்றி நீங்கள் படிக்கப்போகும் பெரும்பாலானவை இந்த ஒற்றை உண்மையிலிருந்தே வருபவை. அதனால் தேர்வுக்கு முந்தைய நாள் அட்டவணையை உருப்போடுவதை விட்டுவிட்டு, எந்தச் சேர்மம் வந்தாலும் கையால் கணிக்கிற வழியைப் பழகிக்கொள்ளுங்கள். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் யார் நடுவில், எத்தனை பேர் சுற்றி

இரண்டு வெவ்வேறு ஹேலஜன் கொடுத்தால், பெரியது நடுவில், சிறியது சுற்றிலும். எலக்ட்ரான் கவர்தன்மையை, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனை, வைத்துச் சொன்னாலும் இதே விடைதான் வரும்: பாலிங் அளவில் ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66. இந்த நான்கு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு பல இடங்களில் கைகொடுக்கும். ஃபுளூரின் ஒருபோதும் நடு அணு ஆகாது.

சுற்றிலும் இருப்பவை 1, 3, 5 அல்லது 7; பெயரில் மோனோ, டிரை, பென்டா, ஹெப்டா என்று வருவது இந்த எண்களைத்தான். ஏன் எல்லாமே ஒற்றைப்படை? நடு அணுவின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள ஒவ்வோர் அணுவும் அதில் ஒன்றைப் பிணைப்புக்குப் பிடித்துக்கொள்ளும். மீதி இருப்பவை ஜோடி ஜோடியாக அமர வேண்டுமானால் மீதி இரட்டைப்படையாக இருக்க வேண்டும், 7-லிருந்து ஒற்றைப்படையைக் கழித்தால்தான் இரட்டைப்படை மிஞ்சும். இந்தச் சேர்மங்கள் எல்லாமே டயாகாந்தத் தன்மை (காந்தத்தால் லேசாக விலக்கப்படும் தன்மை) கொண்டவை என்று புத்தகத்தில் தனி வரியாகப் போட்டிருப்பார்களே, அதுவும் இதன் மறுபக்கம்தான். ஜோடி சேராத எலக்ட்ரான் இல்லை, அவ்வளவுதான்.

1, 3, 5, 7-ல் எது வரை போகும் என்பதை அளவு தீர்மானிக்கும். அயோடின் பெரியது, ஃபுளூரின் சிறியது, ஆகவே ஏழு ஃபுளூரின்களை அயோடின் தன்னைச் சுற்றி இடம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. ஏழு அணு சுற்றியிருக்கும் நடுநிலை இடைச்சேர்மம் அயோடின் ஹெப்டாஃபுளூரைடு ஒன்றுதான். குளோரினும் புரோமினும் ஐந்து ஃபுளூரின் வரை போகின்றன. குளோரினைச் சுற்றி வைத்தால் அயோடினே மூன்றோடு நின்றுவிடுகிறது. அயோடினும் புரோமினும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று மட்டுமே. பெரிய அணுவைச் சுற்றிச் சிறிய அணுக்கள் எவ்வளவு நெருக்கியடித்து நிற்க முடியும் என்று ஒரு படம் போட்டுப் பார்த்தாலே இதெல்லாம் தெளிவாகிவிடும்.

வடிவம்

மேலே போட்ட அதே கழித்தல் இங்கும் உதவும். குளோரின் டிரைஃபுளூரைடை எடுத்துக்கொள்வோம். 7-ல் 3 போனால் 4, அதாவது பிணைப்பில் சேராத இரண்டு தனித்த ஜோடி. மூன்று பிணைப்பு, இரண்டு தனித்த ஜோடி, மொத்தம் ஐந்து திசை, அப்படியானால் முக்கோண இருபிரமிடு. தனித்த ஜோடிகளுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால் நடு வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சும் மூன்று ஃபுளூரின்களும் குளோரினும் சேர்ந்து ஆங்கில எழுத்து 'டி' போலத் தெரியும், ஆனால் அந்த 'டி'யின் இரு கைகளும் சற்றே வளைந்திருக்கும். 90 டிகிரி இருக்க வேண்டிய கோணம் 87.5 தான், தனித்த ஜோடிகள் தள்ளுகின்றன. இதில் நான் மாணவர்களை நின்று பார்க்கச் சொல்லும் இடம் பிணைப்பு நீளம். இரு கைகளிலும் சுமார் 170 பிக்கோமீட்டர், தண்டில் சுமார் 160. ஒரே மூலக்கூறில், ஒரே இரு தனிமங்களுக்கு நடுவில், இரண்டு வகைப் பிணைப்பு! கைகளில் இருக்கும் ஃபுளூரின்கள் கொஞ்சம் தளர்வாகக் கட்டப்பட்டவை, இதைப் பிறகு வினைத்திறன் பேசும்போது நினைவில் வையுங்கள்.

ஐந்து ஃபுளூரின் என்றால் ஒரு தனித்த ஜோடி, எண்முகியில் ஒரு மூலை காலி, ஆக சதுரப் பிரமிடு. ஏழு என்றால் தனித்த ஜோடியே இல்லை, ஐங்கோண இருபிரமிடு. ஒன்று என்றால் நேர்கோடு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அயோடின் டிரைகுளோரைடு திண்ம நிலையில் தனி மூலக்கூறாக இருப்பதில்லை, இரண்டு சேர்ந்து இரு குளோரின்களைப் பாலமாகப் போட்டுக்கொண்டு தட்டையான இரட்டை மூலக்கூறாக இருக்கும். மஞ்சள் படிகம். கேள்வித்தாளில் 'டி' வடிவம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் உண்மையில் அது அப்படி இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பட்டால் என்ன வரும்

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

விதி ஒன்றுதான். நடு அணு நேர்மின் பக்கம், ஆகவே நீரில் உள்ள ஆக்சிஜன் அதைத் தேடிப் போகும். சுற்றியுள்ள சிறிய ஹேலஜன் எதிர்மின் பக்கம், ஆகவே அது ஹைட்ரஜனோடு போய்விடும். சிறியது ஹைட்ரஜன் ஹேலைடு ஆகும், பெரியது ஆக்சோ அமிலம் (ஆக்சிஜன் சேர்ந்த அமிலம்) ஆகும். எந்த ஆக்சோ அமிலம்? நடு அணுவின் ஆக்சிஜனேற்ற எண் (பிணைப்பு எலக்ட்ரான்களைக் கவர்தன்மை கூடியதற்கே கொடுத்துப் போடும் மின்சுமைக் கணக்கு) மாறாமல் எதில் இருக்கிறதோ, அது. இப்படி நீரால் பிரியும் நீராற்பகுப்பில் ஆக்சிஜனேற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை, ஆள் மாறாட்டம் மட்டும்தான் நடக்கிறது.

புரோமின் பென்டாஃபுளூரைடில் செய்து பார்க்கலாம். ஐந்து ஃபுளூரினும் ஆளுக்கு −1, ஆக புரோமின் +5. புரோமின் +5-ல் இருக்கும் ஆக்சோ அமிலம் புரோமிக் அமிலம். ஐந்து ஃபுளூரினும் ஐந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு. சமன் செய்தால் ஒரு பென்டாஃபுளூரைடுக்கு மூன்று நீர்: ஆறு ஹைட்ரஜனில் ஐந்து ஃபுளூரினுக்குப் போய், ஒன்று புரோமிக் அமிலத்துக்கு. ஆக்சிஜன் மூன்றும் புரோமிக் அமிலத்தில். சரியாக வந்துவிட்டது. அயோடின் பென்டாஃபுளூரைடும் இதே கணக்குதான், புரோமிக் இருக்கும் இடத்தில் அயோடிக் என்று போட்டுக்கொள்ளுங்கள். அயோடின் ஹெப்டாஃபுளூரைடு முழுவதும் நீராற்பகுப்பு அடைந்தால் +7, ஆக பெர்அயோடிக் அமிலம். நீர் அளவாக இருந்தால் பாதி வழியில் நின்று, இரண்டு ஃபுளூரினை மட்டும் கொடுத்துவிட்டு ஓர் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு அயோடின் ஆக்சிபென்டாஃபுளூரைடு ஆகும். அங்கேயும் அயோடின் +7-லேயே இருக்கிறது, கவனியுங்கள்.

குளோரின் மோனோஃபுளூரைடு கேட்டால் பலர் கை பழக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதிவிடுவார்கள். தவறு. இங்கே குளோரின்தான் நேர்மின் பக்கம், +1. ஆகவே ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும். புரோமின் மோனோகுளோரைடில் குளோரின் எதிர்மின் பக்கம், அதனால் ஹைப்போபுரோமஸ் அமிலமும் ஹைட்ரஜன் குளோரைடும். குளிர்விப்பு நீரில் கிருமிகளைக் கொல்ல புரோமின் மோனோகுளோரைடு பயன்பட்டது இந்த ஹைப்போபுரோமஸ் அமிலத்துக்காகத்தான்.

இப்போது +3. இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அயோடினுக்கு +3-ல் நிலையான ஆக்சோ அமிலம் இல்லை. அப்படியானால் அயோடின் டிரைகுளோரைடு என்ன செய்யும்? இரண்டு மூலக்கூறு சேர்ந்து கணக்கை நேர் செய்துகொள்ளும். இரண்டு +3, மொத்தம் +6. அதை +5 ஆகவும் +1 ஆகவும் பிரித்துக்கொள்கிறது: ஓர் அயோடிக் அமிலம், ஓர் அயோடின் மோனோகுளோரைடு, ஐந்து ஹைட்ரஜன் குளோரைடு, உள்ளே போன நீர் மூன்று. எனக்கு இந்தச் சமன்பாடு ரொம்பப் பிடிக்கும், மனப்பாடம் செய்தால் நாலு நாளில் மறந்துவிடும், ஆறை ஐந்தும் ஒன்றுமாகப் பிரித்தோம் என்று புரிந்துகொண்டால் மறக்கவே மறக்காது. குளோரின் டிரைஃபுளூரைடுக்கும் பாடநூலில் குளோரஸ் அமிலம், ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்று அழகாகப் போட்டிருப்பார்கள். கணக்குக்கு அது சரி. நிஜத்தில் அது தண்ணீரில் பட்டால் வெடித்துச் சிதறும், குளோரைல் ஃபுளூரைடு, ஆக்சிஜன் என்று பலதும் கலந்து வரும்.

அயோடின் மோனோகுளோரைடை நீரில் ஊற்றினால் விதிப்படி ஹைப்போஅயோடஸ் அமிலம் வர வேண்டும், வரும், ஆனால் நிற்காது. ஐந்து ஹைப்போஅயோடஸ் மூலக்கூறுகள் ஓர் அயோடிக் அமிலமும் இரண்டு அயோடின் மூலக்கூறும் இரண்டு நீரும் ஆகிவிடும். அதனால்தான் நீர்த்த கரைசலில் அயோடின் நிறமும் வீழ்படிவும் தெரிகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற்றினால் இந்தக் கலவரம் எதுவும் இல்லை, ஒரு குளோரைடு அயனியைக் கூடச் சேர்த்துக்கொண்டு, அயோடினின் இருபுறமும் குளோரின் நிற்கும் எதிரயனியாக மாறி நிம்மதியாக இருக்கும். அயோடேட்டை வைத்து அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்யும் ஆண்ட்ரூஸ் தரம்பார்த்தல் (அளவறிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் முறை) இந்த நிலைத்தன்மையை நம்பித்தான் நிற்கிறது. ஓர் அயோடேட்டில் அயோடின் +5, இரண்டு அயோடைடில் −1 வீதம் −2, கூட்டினால் +3, அதை மூன்று அயோடினுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு +1, மூன்று அயோடின் மோனோகுளோரைடு.

எது எவ்வளவு ஆவேசமாக வினைபுரியும்

பாடநூல்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: 'ஃபுளூரினைத் தவிர மற்ற ஹேலஜன்களைவிட இடைச்சேர்மங்கள் வினைத்திறன் மிக்கவை, ஏனெனில் இவற்றின் பிணைப்பு வலுக்குறைந்தது.' எனக்கு இந்த வரியில் திருப்தி இல்லை. எண்களை எடுத்து வைத்துப் பாருங்கள். மோலுக்குக் கிலோஜூல் கணக்கில் குளோரின் மூலக்கூறின் பிணைப்பு 243, புரோமின் 193, ஃபுளூரின் 159, அயோடின் 151. அயோடின்–குளோரின் பிணைப்பு சுமார் 210. குளோரினோடு ஒப்பிட்டால் வலு குறைவு, சரி. ஆனால் அயோடினோடு ஒப்பிட்டால் வலு அதிகம்! அப்படியிருந்தும் அயோடினைவிட அயோடின் மோனோகுளோரைடு பல மடங்கு வேகமாக வினைபுரிகிறது. காரணம் அதன் முனைவுத் தன்மை, அதாவது இரு முனைகளிலும் எதிரெதிர் மின்சுமை இருப்பது. எலக்ட்ரான் செறிந்த எதையாவது கண்டால், அயோடின் முனை ஏற்கெனவே நேர்மின் சுமையோடு தயாராக நிற்கிறது, குளோரைடு அயனியாகக் கழன்று போவதற்கு மறுமுனையும் தயார்.

ஆக மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். பிணைப்பு எவ்வளவு வலு? எவ்வளவு முனைவு? உடைந்த பிறகு அந்த அணுக்கள் போய்ச் சேரும் புதிய பிணைப்பு எவ்வளவு வலு? மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், ஃபுளூரைடுகளுக்கு அதுதான் முக்கியம்.

குளோரின் டிரைஃபுளூரைடில் ஒரு குளோரின்–ஃபுளூரின் பிணைப்பின் சராசரி சுமார் 174. ஃபுளூரின் மூலக்கூறின் 159-ஐவிடக் கொஞ்சம்தான் கூட. அந்த ஃபுளூரின் ஹைட்ரஜனோடு சேர்ந்தால் 560-க்கும் மேல், சிலிக்கானோடு சேர்ந்தால் அதே அளவில். கொடுப்பது 174, வாங்குவது அதைப்போல் மூன்று மடங்கு. அதனால் மரம், துணி, கல்நார் என்று எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும், தீப்பொறிகூடத் தேவையில்லை. மணல் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள், தீயை அணைக்கத் தூவுகிற பொருள், அதுவே இதில் எரியும். 1950-களில் ஒரு டன்னுக்கு நெருக்கமான அளவு திரவம் கொட்டிப்போன விபத்தொன்றில் 30 சென்டிமீட்டர் கான்கிரீட்டைத் தின்று தீர்த்து, அதற்குக் கீழே 90 சென்டிமீட்டர் சரளையையும் அரித்துவிட்டது. 1930-ல் ஓட்டோ ருஃபும் குரூக்கும் முதன்முதலில் தயாரித்த இந்தப் பொருளை ராக்கெட் எரிபொருளுக்கான ஆக்சிஜனேற்றியாக்கப் பார்த்துக் கைவிட்டார்கள். இன்று இது சிப் தயாரிக்கும் கருவிகளின் உட்சுவரில் படியும் சிலிக்கானைச் சுரண்டாமல் வாயுவாக்கிக் கழுவுகிறது. நான்கு டிரைஃபுளூரைடு மூன்று சிலிக்கானை மூன்று சிலிக்கான் டெட்ராஃபுளூரைடாக ஆக்கிவிட்டு, இரண்டு குளோரின் மூலக்கூறாக வெளியேறும்.

இப்படிப்பட்டதை எதில் வைப்பது? எஃகு, தாமிரம், நிக்கல் பாத்திரங்களில். முதல் தடவை பட்டதும் உலோகத்தின் மேல் மெல்லிய ஃபுளூரைடு படலம் உண்டாகி, அதுவே கவசமாக நின்றுவிடும். படலம் விரிசல் கண்டாலோ, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தாலோ கதை முடிந்தது.

ஃபுளூரைடுகளுக்குள் வேதியியலாளர்கள் சொல்லும் வரிசை இது, ஆவேசம் கூடியதிலிருந்து குறைந்தது வரை: குளோரின் பென்டா, குளோரின் டிரை, புரோமின் பென்டா, அயோடின் ஹெப்டா, குளோரின் மோனோ, புரோமின் டிரை, அயோடின் பென்டா, அப்புறம் புரோமின் மோனோ, அயோடின் டிரை, அயோடின் மோனோ. பார்க்கக் குழப்பமாகத் தெரியும், ஆனால் இரண்டே போக்குதான் இதில் இருக்கின்றன. நடு அணு ஒன்றாக இருந்தால், ஃபுளூரின் எண்ணிக்கை கூடக்கூட ஆவேசம் கூடும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் குளோரின், புரோமின், அயோடின் என்று இறங்கும். ஐந்து ஃபுளூரின் இருந்தும் அயோடின் பென்டாஃபுளூரைடு அமைதியாக இருப்பதற்கு அதன் சராசரிப் பிணைப்பு ஆற்றலே சாட்சி, சுமார் 268. ஆய்வகத்தில் மென்மையான ஃபுளூரினேற்றி வேண்டுமென்றால் இதைத்தான் தேடிப் போவார்கள். புரோமின் பென்டாஃபுளூரைடோ பாறையையே பிரித்துவிடும். சிலிக்கேட்டுகளில் சிறைப்பட்ட ஆக்சிஜனை முழுவதுமாக வெளியே கொண்டுவந்து ஐசோடோப்பு விகிதம் அளக்க, 1963-ல் கிளேட்டனும் மயேடாவும் இதை வைத்து வகுத்த முறை இன்றும் புவிவேதியியலில் கையாளப்படுகிறது.

வலுவான பிணைப்பு இருந்தும் சில ஏன் நிலைப்பதில்லை

அயோடின் மோனோஃபுளூரைடின் பிணைப்பு ஆற்றல் சுமார் 280, கவர்தன்மை வேறுபாடு 1.32, எல்லாவற்றிலும் அதிகம். பார்த்தால் இதுதான் மிக நிலையானதாக இருக்க வேண்டும். ஆனால் அறை வெப்பநிலையில் அது தங்குவதே இல்லை. ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து மோனோஃபுளூரைடு சேர்ந்து இரண்டு அயோடின் மூலக்கூறும் ஒரு பென்டாஃபுளூரைடும் ஆகின்றன. உடைப்பது ஐந்து தடவை 280, அதாவது 1400. கிடைப்பது இரண்டு தடவை 151, அதோடு ஐந்து தடவை 268, மொத்தம் 1642. 240 கிலோஜூல் லாபம். அப்புறம் அது எதற்கு மோனோஃபுளூரைடாகவே உட்கார்ந்திருக்கப் போகிறது?

இதையே குளோரினுக்குப் போட்டால் வேறு கதை. மூன்று குளோரின் மோனோஃபுளூரைடு ஒரு குளோரினும் ஒரு டிரைஃபுளூரைடும் ஆக வேண்டும். உடைப்பது மூன்று தடவை சுமார் 250, அதாவது 750. கிடைப்பது 243-உம் மூன்று தடவை 174-உம், 765. ஏறக்குறைய சமம். மூன்று மூலக்கூறு இரண்டாகக் குறைவதால் என்ட்ரோபியும் (சிதறிப் பரவும் போக்கு) எதிராக நிற்கிறது. ஆகவே குளோரின் மோனோஃபுளூரைடு நிற்கிறது, −100 டிகிரியில் கொதிக்கும் நிறமற்ற வாயுவாக அதைச் சேமித்துவைக்கவும் முடிகிறது. பிணைப்பு வலுவானதா என்று மட்டும் கேட்டால் போதாது, போவதற்கு அதைவிட நல்ல இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

புரோமின் மோனோகுளோரைடு இன்னொரு வகை. அதன் பிணைப்பு ஆற்றல் சுமார் 218, குளோரின் 243-க்கும் புரோமின் 193-க்கும் சராசரி போட்டாலும் 218. சேர்ந்தாலும் லாபம் இல்லை, பிரிந்தாலும் நட்டம் இல்லை, ஆகவே எப்போதும் குளோரினும் புரோமினும் கலந்த கலவையாகவே இருக்கும். 1932-ல் பாலிங் எலக்ட்ரான் கவர்தன்மை அளவை உருவாக்கியதே இந்தச் 'சராசரியைவிட எவ்வளவு கூடுதல்' என்ற கணக்கை வைத்துத்தான். அதனால் கவர்தன்மை வேறுபாடு 0.20 மட்டுமே உள்ள இரண்டு அணுக்களிடம் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது.

திரவமாக இருக்கும்போது தனக்குள்ளேயே அயனியாவதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டு புரோமின் டிரைஃபுளூரைடில் ஒன்று மற்றொன்றுக்கு ஒரு ஃபுளூரைடைக் கொடுத்து நேரயனியாகும், வாங்கியது எதிரயனியாகும். அதனால் தூய நீரைவிட லட்சம் மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். இந்தக் கரைப்பானில் ஃபுளூரைடைத் தருவது காரம், பெறுவது அமிலம். பொட்டாசியம் ஃபுளூரைடு காரமாகவும் ஆன்டிமனி பென்டாஃபுளூரைடு அமிலமாகவும் நடந்துகொண்டு ஒன்றையொன்று நடுநிலையாக்கும்.

கையில் எடுத்து வேலை செய்யக்கூடியது: அயோடின் மோனோகுளோரைடு

மேலே சொன்ன ஃபுளூரைடுகளை நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் நேரில் பார்க்கப்போவதில்லை, பார்க்காமல் இருப்பதே நல்லது. அயோடின் மோனோகுளோரைடு அப்படியல்ல, எண்ணெய் பரிசோதிக்கும் எந்த ஆய்வகத்திலும் இருக்கும்.

புரோப்பீன் போன்ற இரட்டைப் பிணைப்பில் இது சேரும்போது எது எங்கே போகும்? நேர்மின் முனை அயோடின், எனவே முதலில் அதுதான் இரட்டைப் பிணைப்பைத் தொடும், ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனில் போய் அமரும். குளோரின் நடுக் கார்பனுக்குப் போகும். விடை 2-குளோரோ-1-அயோடோபுரோப்பேன். மார்கோவ்னிகாவ் விதியில் (ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே புது ஹைட்ரஜன் போகும் என்பது) ஹைட்ரஜன் இருந்த இடத்தில் இங்கே அயோடின், வேறொன்றும் மாறவில்லை.

எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்று காட்டும் அயோடின் மதிப்பை வீய்ஸ் முறையில் காண்பது இந்தச் சேர்க்கை வினையை வைத்துத்தான். பனி அசெட்டிக் அமிலத்தில் கரைத்த அயோடின் மோனோகுளோரைடை எண்ணெயோடு கலந்து, மூடி, இருட்டில் வைக்கிறோம். வெளிச்சம் பட்டால் தனி உறுப்பு வினைகள் புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். நேரம் முடிந்ததும் பொட்டாசியம் அயோடைடு சேர்க்கிறோம். மிஞ்சிய அயோடின் மோனோகுளோரைடில் உள்ள +1 அயோடின், அயோடைடின் −1 அயோடினோடு சேர்ந்து அயோடின் மூலக்கூறாகிறது. அதைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். அடர் பழுப்பு மெல்ல வெளிறி வைக்கோல் மஞ்சளுக்கு வரும்வரை ஸ்டார்ச்சைத் தொடாதீர்கள், அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் நீலம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முடிவுநிலையில் சட்டென்று மறையாது. நீலம் மறைந்ததும் குடுவையை மூடி நன்றாகக் குலுக்கிப் பாருங்கள், எண்ணெய் அடுக்கில் ஒளிந்திருக்கும் அயோடின் வெளியே வந்து நீலம் திரும்பினால் இன்னும் இரண்டு சொட்டு தேவைப்படும்.

கணக்கு இது: எண்ணெய் இல்லாத வெற்றுச் சோதனைக்கு 46.0 மில்லி, எண்ணெயோடு 22.5 மில்லி, தயோசல்பேட் 0.1 நார்மல், எண்ணெய் 0.25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 23.5, அதை 0.1-ஆலும் 12.69-ஆலும் பெருக்கி 0.25-ஆல் வகுத்தால் 119.3. அதாவது 100 கிராம் எண்ணெய் 119.3 கிராம் அயோடினுக்குச் சமமானதை வாங்கிக்கொண்டது. உள்ளே போனது பாதி குளோரின்தானே, பிறகு ஏன் எல்லாவற்றையும் அயோடின் என்று கணக்குப் போடுகிறோம் என்று கேட்பீர்கள். ஒரு அயோடின் மோனோகுளோரைடு மூலக்கூறு, அயோடைடு சேர்த்ததும் ஒரு அயோடின் மூலக்கூறைத் தருகிறது, ஒன்றுக்கு ஒன்று. அதனால் கணக்கு பிசகவே பிசகாது.

கரைப்பானையும் கவனியுங்கள். சாலிசிலிக் அமிலத்தை அயோடின் மோனோகுளோரைடு ஆவியோடு விட்டால் குளோரினேற்றம் நடக்கும், நைட்ரோபென்சீனில் கரைத்துச் செய்தால் அயோடினேற்றம் நடக்கும். முனைவுள்ள கரைப்பானில் பிணைப்பு அயனிகளாகப் பிரியும் போக்கு அதிகம், அப்போது நேர்மின் அயோடினுக்கு வேலை. ஆவியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினும் அயோடினுமாகப் பிரிகிறது, இரண்டில் வேகமான குளோரின் முந்திக்கொள்கிறது.

புட்டியைத் திறக்கும்போது ஒரு விஷயம். இது 27 டிகிரியில் உருகும், அதனால் அறை கொஞ்சம் குளிர்ந்திருந்தால் மாணிக்கச் சிவப்பில் ஊசி ஊசியாகப் படிகம், கொஞ்சம் வெதுவெதுப்பானால் கருஞ்சிவப்புத் திரவம். நான் முதல் தடவை பார்த்தபோது புட்டி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். உறைந்திருந்தால் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சற்றுத் தளர்த்தி, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகிவிடும், நேரடி நெருப்பு வேண்டவே வேண்டாம், புட்டிக்குள் நீராவி புகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்க்கையும் ரப்பரையும் அரித்துவிடும், டெஃப்ளான் பதித்த மூடிதான் சரி. தோலில் பட்டால் பழுப்புக் கறையோடு புண்ணும் வரும், உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மேசையில் சிந்தியதைத் தயோசல்பேட் கரைசல் ஊற்றித் துடைத்தால் நிறம் கண்ணெதிரே மறையும், மறையும்வரை ஊற்றுங்கள்.